ஊரகக் குடிநீர், துப்புரவுச் சேவைகளின் நிதியும் பராமரிப்பும்

ஊரகக் குடிநீர், துப்புரவுச் சேவைகளின் நிதி என்பது கிராம மக்களுக்குக் குடிநீர் வழங்கவும், கழிப்பறை, கழிவுநீர், குப்பை ஆகியவற்றைக் கையாளவும் ஆகும் செலவையும், அச்செலவுக்கான பணம் வரும் வழிகளையும் குறிக்கும். தமிழ்நாட்டில் இப்பொறுப்பு கிராம ஊராட்சிகளிடம் உள்ளது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், கிணறு தோண்டுதல், குடிநீர்ப் பணிகளை அமைத்துப் பராமரித்தல், வடிகால், தெருத் துப்புரவு, பொதுக் கழிப்பறை ஆகியவற்றை ஊராட்சியின் கட்டாயக் கடமைகளில் சேர்த்திருக்கிறது. அதற்கு முன்பே 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம், 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்து, குடிநீரையும் துப்புரவையும் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய துறைகளாகக் காட்டியது. கடமையைச் சட்டம் ஒரே வரியில் கொடுத்துவிட்டது. பணம் மட்டும் பல வாய்க்கால்கள் வழியாக, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிபந்தனைகளோடு வருகிறது.

திருவள்ளூர் வட்டாரத்தின் நிலை

திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் உள்ள ஊர் திருப்பாச்சூர். அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீஸ்வரர் கோயிலால் அறியப்படுவது. வடக்கே கொசஸ்தலை ஆறும் தெற்கே கூவமும் ஓடும் நிலப்பகுதி இது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. 1983ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் கால்வாய் வழியாக இந்தப் பூண்டிக்குத்தான் வந்து சேர்கிறது. அங்கிருந்து செங்குன்றம், சென்னை என்று அதன் பயணம் தொடர்கிறது.

சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் மாவட்டம் என்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சொல்வது வழக்கம். 1960களின் இறுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு ஆகியவற்றின் வடிநிலத்தில் நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. அதன் பிறகு பூண்டி, தாமரைப்பாக்கம், கன்னிகைப்பேர், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களில் நகரத்துக்கான கிணற்று வயல்கள் அமைந்தன. வறட்சி ஆண்டுகளில் உழவர்களின் கிணறுகளிலிருந்தும் விலைக்கு நீர் வாங்கப்பட்டது.

ஆனால் ஏரிக்கு அருகில் இருக்கும் ஊருக்கு ஏரித் தண்ணீர் கிடைத்துவிடுவதில்லை. பொதுவாக ஊராட்சியின் குடிநீர் என்பது ஊருக்குள் அல்லது ஆற்றோரம் போட்ட ஆழ்துளைக் கிணறு, அதில் இறக்கிய நீர்மூழ்கி மோட்டார், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, அதிலிருந்து தெருக்களுக்குச் செல்லும் பி.வி.சி. குழாய்கள் ஆகியவற்றைக் கொண்டது. சில இடங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாகவும் நீர் வரும். அந்த வாரியம் 1971 ஏப்ரல் 14 முதல் செயல்படுகிறது. அது தரும் நீருக்கு ஊராட்சி அளவு பார்த்துப் பணம் கட்ட வேண்டும்.

மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்களும் 526 கிராம ஊராட்சிகளும் உள்ளன. வருவாயில் இவை ஒன்றுபோல் இல்லை. கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்கள், காக்களூர் தொழிற்பேட்டை போன்றவை அமைந்த ஊராட்சிகளுக்குக் கட்டட வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம் என்று சொந்த வருவாய் உண்டு. நெல்லும் பூவும் பயிராகும் பக்கத்து ஊராட்சிக்கு வீட்டு வரியைத் தவிர பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் சட்டப்படி கடமை ஒன்றுதான்.

கட்டும் செலவும் நடத்தும் செலவும்

ஒரு குடிநீர்த் திட்டத்துக்கு இரண்டு விதமான செலவு உண்டு. கிணறு, மோட்டார், தொட்டி, குழாய் ஆகியவற்றை அமைப்பது ஒருமுறை ஆகும் மூலதனச் செலவு. மின்கட்டணம், தொட்டி இயக்குபவரின் ஊதியம், பிளீச்சிங் பவுடர், குழாய் உடைப்பு, வால்வு மாற்றம், மோட்டாருக்குக் காயில் கட்டுதல் ஆகியவை மாதந்தோறும் ஆகும் நடத்தும் செலவு. பெரும்பாலோர் மறந்துவிடும் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. பதினைந்து இருபது ஆண்டுகளில் மோட்டாரும் குழாயும் தேய்ந்து முழுவதுமாக மாற்ற வேண்டி வரும் செலவு அது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஐ.ஆர்.சி. என்ற நிறுவனம் 2008 முதல் ஆந்திரம், கானா, புர்கினா பாசோ, மொசாம்பிக் ஆகிய இடங்களில் நடத்திய ஆய்வுத் திட்டம் இவற்றையெல்லாம் சேர்த்து ‘வாழ்நாள் செலவு’ என்று கணக்கிடும் முறையைப் பரப்பியது.

அரசுகள் மூலதனச் செலவை விரும்பிச் செய்கின்றன. தொட்டி கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா நடத்தலாம், பெயர்ப் பலகை வைக்கலாம். காயில் கட்டிய மோட்டாருக்குத் திறப்பு விழா கிடையாது. ஊரகக் குடிநீர்த் திட்டங்கள் நின்றுபோவதற்குத் தொழில்நுட்பக் குறைகளைக் காட்டிலும் இந்த ஏற்றத்தாழ்வே பெரிய காரணமாக இருந்து வந்திருக்கிறது.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். 60,000 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியை நாளுக்கு ஒருமுறை நிரப்பும் ஊர் என்று கொள்வோம். தலைக்கு 55 லிட்டர் என்ற தற்போதைய அளவுப்படி அது 1,090 பேருக்குப் போதும். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் சுமார் 270 வீடுகள். கிணற்று நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் உச்சிவரை 30 மீட்டர் உயரம் நீரை ஏற்ற வேண்டும் என்றால் அதற்குத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 5 யூனிட். மோட்டாரிலும் குழாயிலும் பாதி வீணாகும் என்று கொண்டால் 10 யூனிட். ஒரு யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 80 ரூபாய், மாதத்துக்கு 2,400 ரூபாய்.

நீர்மட்டம் இறங்கி, ஏற்ற வேண்டிய உயரம் 75 மீட்டர் ஆகிவிட்டால் அதே தண்ணீருக்கு நாளுக்கு ஏறத்தாழ 25 யூனிட் வேண்டும். மாதச் செலவு 6,000 ரூபாய். ஒரு குடம் தண்ணீர்கூட அதிகம் வரவில்லை, பில் மட்டும் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது.

இனி வரவைப் பார்க்கலாம். வீட்டு இணைப்புக்கு மாதம் 30 ரூபாய் கட்டணம் என்று கொண்டால், 270 வீடுகளும் தவறாமல் கட்டினால் 8,100 ரூபாய். தொட்டி இயக்குபவருக்கு 5,000 ரூபாய் கொடுத்தால், முதல் நிலையில் மின்கட்டணமும் போக 700 ரூபாய் மிஞ்சும். இரண்டாம் நிலையில் 2,900 ரூபாய் துண்டு விழும். 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் மாதத்துக்கு 7 கிலோவுக்கு மேல் தேவைப்படும் பிளீச்சிங் பவுடர் இந்தக் கணக்கிலேயே இன்னும் சேரவில்லை. கோடையில் மோட்டார் எரிந்தால் அந்த ஆண்டின் கணக்கே குலைந்துவிடும். பாதி வீடுகள் கட்டணம் கட்டாத ஊரின் நிலையை வாசகர் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கட்டணம் ஏன் வருவதில்லை

மக்களுக்குக் கட்ட மனமில்லை என்று அலுவலகங்களில் சொல்வார்கள். அது பாதி உண்மை. இன்று 20 லிட்டர் கேன் ஒன்றின் விலை பல இடங்களில் 30 ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. அதாவது, ஒரு மாதக் குடிநீர்க் கட்டணம் என்று மேலே கொண்ட தொகையை ஒரே கேனுக்குக் கொடுக்கும் வீடுகள் உண்டு. நம்பிக்கை இருக்கும் இடத்தில் பணம் கொடுக்கப்படுகிறது என்பதே இதன் பொருள்.

நம்பிக்கை கெடுவதற்கு ஒரு வரிசை உண்டு. தொட்டிக்கு அருகில் உள்ள தெருவில் அழுத்தம் நன்றாக இருக்கும், கடைசித் தெருவில் குறைவாக இருக்கும். இடையில் சில வீட்டார் தெருக்குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். கடைசித் தெருவுக்கு நூல்போலக்கூட வராது. வராத தண்ணீருக்குக் கட்டணம் கேட்டால் அந்தத் தெரு கட்ட மறுக்கும். வரவு குறையும். வரவு குறைந்ததால் வால்வு மாற்றப்படாது. வால்வு மாறாததால் அடுத்த தெருவுக்கும் அழுத்தம் குறையும். பல ஊர்களில் அந்தக் கடைசித் தெரு ஆதிதிராவிடர் குடியிருப்பாக இருப்பது தற்செயல் அல்ல. குழாய் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்பதில் ஊரின் பழைய ஒழுங்கும் படிந்திருக்கிறது.

மோட்டார் எரிந்த நாளில் சொந்தமாகப் போர் வைத்திருக்கும் வீட்டுக்குக் கவலை இல்லை. கேன் வாங்க முடிகிற வீடும் சமாளிக்கும். மற்ற வீடுகளில் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிப் பம்புசெட்டுக்கு நடப்பார்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நடக்க வேண்டும். ஊராட்சியின் கணக்கில் வராத செலவு இது.

அடிபம்பு கற்பித்த பாடம்

பராமரிப்புக்குப் பணமும் ஆளும் முன்கூட்டியே ஒதுக்கினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1967 முதல் யுனிசெஃப் உதவியோடு கடினப் பாறைப் பகுதிகளில் துளையிடும் எந்திரங்கள் கொண்டுவரப்பட்டு, ஊர்தோறும் கைப்பம்புகள் நிறுவப்பட்டன. ஒரு வீட்டுக்கென்று வடிவமைக்கப்பட்ட வார்ப்பிரும்புப் பம்பை ஊரே நாள் முழுதும் அடித்ததால் அவை விரைவில் உடைந்தன. 1970களின் நடுவில் பார்த்தபோது நிறுவியவற்றில் பெரும்பாலானவை வேலை செய்யவில்லை.

இதற்குத் தீர்வாக, சோலாப்பூர்ப் பம்பின் அடிப்படையில் புதிய எஃகுப் பம்பு உருவாக்கப்பட்டது. சென்னையின் எந்திரவியல் ஆராய்ச்சி நிறுவனமும் ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலையும் இதில் பங்கு கொண்டன. கோயம்புத்தூர்ப் பகுதியில் 1976–77இல் சோதிக்கப்பட்டு, பின்னர் ‘இந்தியா மார்க் 2’ என்ற பெயரில் உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. நம் தெருமுனைகளில் இன்றும் நிற்கும் அடிபம்பு இதுதான்.

பம்பைப் புகழ்பவர்கள் அதனோடு சேர்ந்து வந்த மற்றொன்றைச் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் அதே காலத்தில் மூன்று அடுக்குப் பராமரிப்பு முறை ஏற்படுத்தப்பட்டது. ஊரில் ஒரு பொறுப்பாளர், அவர் நட்டை முடுக்கி எண்ணெய் இட்டு, பழுது கண்டால் அஞ்சலட்டை போடுவார். ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக். மாவட்டத்தில் வண்டியோடும் கருவிகளோடும் ஒரு நடமாடும் குழு. யார் எதைச் செய்ய வேண்டும், அதற்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் என்பது வகுக்கப்பட்டிருந்தது. பம்பு உழைத்ததில் எஃகுக்கு உள்ள பங்கு இந்த ஏற்பாட்டுக்கும் உண்டு.

பின்னர் நீர்மூழ்கி மோட்டாரும் தொட்டியும் வந்தன. நிறுவியவை எண்ணிக்கையில் பெருகின. ஆனால் அடிபம்புக்கு இருந்ததுபோல் தெளிவான பராமரிப்பு ஏற்பாடு அவற்றுக்கு அமையவில்லை.

பணம் வரும் வழிகள்

உலக அளவில் இத்துறையின் வருவாயைக் கட்டணம், வரி, கொடை என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். இந்திய ஊராட்சியில் கட்டணம் சிறிது, கொடை அரிது. பெரும்பகுதி வரிப்பணமே. அது மேலிருந்து மானியமாக இறங்குகிறது.

மத்திய நிதிக்குழு மானியம் இவற்றுள் முதன்மையானது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் 60 விழுக்காடு இன்ன பணிக்குத்தான் என்று கட்டுண்ட மானியம். அதிலும் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மறுபாதி துப்புரவுக்கும் திறந்தவெளியில் மலம் கழிக்காத நிலையைத் தக்கவைப்பதற்கும். பணத்தை இப்படிக் கட்டி வைத்ததை ஊராட்சித் தலைவர்கள் சிலர் குறை கூறியதுண்டு. ஆனால் சிமென்ட் சாலைக்கும் பேவர் பிளாக்குக்கும் போகக்கூடிய பணம் குழாய்க்கும் வடிகாலுக்கும் நின்றது இந்த நிபந்தனையால்தான். நடத்தும் செலவுக்கும் இதைப் பயன்படுத்தலாம் என்பது இதன் சிறப்பு.

அடுத்தது மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநில அரசு தன் வரி வருவாயில் பகிர்ந்தளிக்கும் தொகை. தமிழ்நாட்டு ஊராட்சிகள் பொது நிதிக்கு ஒரு வங்கிக் கணக்கும், மின்கட்டணமும் குடிநீர் வாரியத்துக்கான கட்டணமும் செலுத்துவதற்கென்று இன்னொரு கணக்கும், திட்ட நிதிக்கு மற்றொன்றும் வைத்துக்கொள்வது நெடுநாள் நடைமுறை. மின்கட்டணப் பாக்கி சேர்ந்து இணைப்பு துண்டிக்கப்படும் நிலையைத் தவிர்க்க இந்த இரண்டாம் கணக்கு உதவியது. வேறு வகையில் பார்த்தால், ஊராட்சிக்கு மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் ஊக்கமும் இதனால் குறைந்தது. யாருடைய பணத்திலோ பில் கட்டப்படும்போது தொட்டி நிரம்பி வழிந்தாலும் மோட்டாரை நிறுத்த ஓடி வருபவர் குறைவு.

மூன்றாவது, ஊராட்சியின் சொந்த வருவாய். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவை இதில் அடங்கும். அளவில் சிறிதானாலும், யாரையும் கேட்காமல் அன்றே எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணம் இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் எரிந்தால் திங்கட்கிழமை மெக்கானிக்குக் கொடுக்க உதவுவது இந்தப் பணமே.

பயனாளிகள் பங்கு

மக்களே செலவில் பங்கேற்க வேண்டும் என்ற கொள்கை 1990களின் இறுதியில் வலுப்பெற்றது. 1972–73இல் தொடங்கிய விரைவு ஊரகக் குடிநீர்த் திட்டத்தில் எல்லாச் செலவும் அரசுடையது. 1999இல் 67 மாவட்டங்களில் சீர்திருத்தத் திட்டம் சோதிக்கப்பட்டு, 2002 டிசம்பரில் ‘ஸ்வஜல்தாரா’ அறிவிக்கப்பட்டது. மூலதனத்தில் 10 விழுக்காடும், நடத்தும் செலவு முழுவதும் மக்களுடையது என்பது அதன் நிபந்தனை. ஏழை ஊர் முதல் தவணையைத் திரட்ட முடியாமல் நின்றதும், ஒப்பந்ததாரரே மக்கள் பெயரில் பங்குத்தொகையைக் கட்டியதும் பல மாநிலங்களில் நடந்தன. கொள்கை தவறென்று இதனால் ஆகிவிடாது. கேரளத்தில் கோழிக்கோட்டை அடுத்த ஒளவண்ணாவில் பயனாளிகளே குழு அமைத்து, தொட்டி கட்டி, கட்டணம் வசூலித்து நடத்தும் சிறு திட்டங்கள் நிலைத்து நின்றன. இலங்கையிலும் சமூக அடிப்படையிலான அமைப்புகள் ஊரகக் குடிநீர்த் திட்டங்களை நடத்துகின்றன. அவற்றுக்குத் துணையாகத் தனித் திணைக்களமே 2014இல் அமைக்கப்பட்டது. வெளியிலிருந்து தொடர்ந்து தொழில்நுட்ப உதவி கிடைத்த இடங்களில் மக்கள் குழுக்கள் தாக்குப்பிடித்தன. பணத்தைக் கட்டச் சொல்லிவிட்டு அரசு கைகழுவிய இடங்களில் தளர்ந்தன.

தமிழ்நாட்டில் 2004இல் குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர்களிடையே நடந்த முயற்சி இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ‘கூடம்’ என்ற பெயரில், பதவி வேறுபாடு இல்லாமல் வட்டமாக அமர்ந்து பேசும் முறையைப் பொறியாளர்கள் கைக்கொண்டனர். மறைமலை நகரில் கூடி ஒரு பிரகடனமும் செய்தனர். புதிய திட்டம் போடுவதற்கு முன் பழைய திட்டத்தைச் சரிசெய்யலாமா என்று ஊராரோடு உட்கார்ந்து பார்ப்பது, மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைப்பது, செலவுக் கணக்கை ஊர் முன் வைப்பது ஆகியவை அதன் உள்ளடக்கம்.

2019 ஆகஸ்டு 15இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய் என்ற இலக்கை வைத்தது. அப்போது தமிழ்நாட்டின் சுமார் 1.25 கோடி ஊரக வீடுகளில் 21.76 லட்சத்துக்குத்தான் குழாய் இணைப்பு இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பான்மை வீடுகளுக்கு இணைப்பு கிடைத்தது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மத்திய, மாநிலப் பங்கு சரிபாதி. ஊருக்குள் அமையும் கட்டமைப்பின் செலவில் 10 விழுக்காடு மக்கள் பங்கு. மலைப் பகுதிகளிலும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் 5 விழுக்காடு. உடலுழைப்பாகவும் இதைத் தரலாம். ஊர்க் குடிநீர்க் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. பல ஊர்களில் இக்குழு காகிதத்தில்தான் இருக்கிறது. 2025–26 மத்திய நிதிநிலை அறிக்கை இத்திட்டத்தை 2028 வரை நீட்டித்து, கட்டமைப்பின் தரத்திலும் பராமரிப்பிலும் கவனம் செலுத்தப்படும் என்று கூறியது. இணைப்பு எண்ணிக்கையைவிடக் குழாயில் நீர் வருவது முக்கியம் என்பது இவ்வளவு செலவுக்குப் பின் ஏற்கப்பட்டிருக்கிறது.

கழிப்பறையின் கணக்கு

துப்புரவில் இதே கதை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 2001 முதல் 2004 வரை தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஊராட்சிதோறும் ஒருங்கிணைந்த மகளிர் சுகாதார வளாகம் கட்டப்பட்டது. கழிப்பறை, குளியலறை, துணி துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. நல்ல திட்டம். ஆனால் மோட்டார் பழுதானபோது சரிசெய்யவும், நாள்தோறும் கழுவவும், மின்கட்டணம் கட்டவும் நிலையான ஏற்பாடு இல்லாத இடங்களில் வளாகங்கள் பூட்டப்பட்டன, முட்செடி மண்டியது. 2011–12இல் அவற்றைப் புதுப்பிக்க அரசு மீண்டும் பெருந்தொகை செலவிட்டது. மகளிர் சுயஉதவிக் குழு பொறுப்பேற்று நடத்திய வளாகங்கள் ஒப்பீட்டளவில் நன்றாக இருந்தன.

தூய்மை இந்தியா திட்டம் 2014 அக்டோபர் 2இல் தொடங்கியபின் தனி வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை கிடைத்தது. இத்தொகை பெரும்பாலும் கட்டி முடித்த பிறகே கிடைக்கும். முதலில் போட வேண்டிய பணத்துக்கு ஏழை வீடு வட்டிக்குத்தான் போக வேண்டும். திருச்சியைச் சேர்ந்த கிராமாலயா அமைப்பு, குடிநீருக்கும் கழிப்பறைக்கும் மட்டும் சிறுகடன் தரும் ‘கார்டியன்’ என்ற நிறுவனத்தை உருவாக்கியது இந்த இடைவெளியை நிரப்பத்தான். கழிப்பறைக் கடன் வருவாய் தராது, திரும்பி வராது என்று வங்கிகள் தயங்கிய காலத்தில் பெண்கள் குழுக்கள் அதை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தின.

கட்டிய பிறகு வரும் செலவு குழியைச் சார்ந்தது. இரட்டை உறிஞ்சுகுழி முறையில் ஒரு குழி நிறைய சில ஆண்டுகள் ஆகும். பிறகு அடுத்த குழிக்குத் திருப்பிவிட்டு, முதல் குழியிலிருப்பது மக்கி உரமானதும் அள்ளிக்கொள்ளலாம். செலவு மிகக் குறைவு. ஆனால் நம் மக்கள் பெரிய செப்டிக் தொட்டியையே விரும்புகிறார்கள். அதை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும், அதற்குப் பணம் கொடுக்க வேண்டும். உறிஞ்சியது எங்கே போகிறது என்று கேட்பவர் இல்லை. அருகில் சுத்திகரிப்பு நிலையம் இல்லாதபோது அது ஏரிக்கரையிலோ ஆற்றுப் படுகையிலோ கொட்டப்படும் அபாயம் உண்டு. கொசஸ்தலை ஆற்றோரம் குடிநீர்க் கிணறு வைத்திருக்கும் ஊர்களுக்கு இது துப்புரவுச் செலவு மட்டுமன்று, குடிநீர்ச் செலவும்கூட.

குப்பை அள்ளும் தூய்மைக் காவலர்களின் மாத ஊதியம் 3,600 ரூபாயாக இருந்து 2023இல் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஊரகத் துப்புரவு குறைந்த செலவில் நடக்கிறது என்று சொல்லும்போது, அந்தச் சிக்கனத்தின் ஒரு பகுதி இவர்களுடைய ஊதியத்திலிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

வேறு வழி கண்ட ஊராட்சிகள்

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியில் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் ஆகும் மின்கட்டணம் ஆண்டுக்காண்டு ஏறியது. அப்போதைய தலைவர் இரா. சண்முகம் முதலில் மரக்கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் 9 கிலோவாட் எரிவாயுக் கலனை நிறுவித் தண்ணீர் இறைக்கப் பயன்படுத்தினார். பிறகு 2006இல் ஊராட்சியே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 1.55 கோடி ரூபாயில் வாங்கியது. ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், வங்கிக் கடன் 1.15 கோடி. ஊரின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரம் வாரியத்துக்கு விற்கப்பட்டது. அந்த வருவாயிலிருந்து கடன் அடைக்கப்பட்டது. இதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஆயினும் எல்லா ஊராட்சியாலும் இது முடியாது. 40 லட்சம் சேமிக்கும் அளவுக்குச் சொந்த வருவாயும், வங்கி நம்பிக் கடன் கொடுக்கும் அளவுக்கு ஒழுங்கான கணக்கும் வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்திலேயே பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கத்தில் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவராக இருந்த இரா. இளங்கோ, வடிகால் கட்டுவதற்கு விலை கொடுத்துக் கல் வாங்காமல், அருகில் வீணாகக் கிடந்த கருங்கல் துண்டுகளைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். மதிப்பீட்டிலிருந்து விலகியதாக அவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. கிராம சபை அவர் பக்கம் நின்றதால் மீண்டும் பொறுப்புக்கு வந்தார். செலவைக் குறைத்தவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது என்பதே இந்நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது. மதிப்பீட்டின்படி செலவழித்து, வீணாகப் போன பணிக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

நீராதாரமும் நிதியும்

மேலே கண்ட மின்கட்டணக் கணக்கு, ஊராட்சியின் நிதி நிலத்தடி நீர்மட்டத்தில் தொங்குவதைக் காட்டும். நீர்மட்டத்தையோ ஊராட்சி மட்டும் காக்க முடியாது. ஆற்று மணல் அள்ளப்பட்டது, தொழிற்சாலைகள் வந்தன, நகரத்துக்கு நீர் எடுக்கப்பட்டது. மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி எடுத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. இனிப்பாக இருந்த கிணறுகள் உப்பாயின. 2000களின் முற்பகுதியில் நகரத்துக்கு நீர் விற்பதை எதிர்த்து வெள்ளியூர் போன்ற ஊர்களில் மக்கள் திரண்டனர். நீர் விற்ற உழவருக்குப் பணம் கிடைத்தது. கிணறு இல்லாத கூலித் தொழிலாளிக்கு வேலையும் போயிற்று, குடிநீரும் குறைந்தது. கிணற்றை இன்னும் ஆழப்படுத்தும் செலவு ஊராட்சியின் தலையில் விழுந்தது. நகரம் தன் நீருக்குக் கொடுக்கும் விலையில் இந்தச் செலவுக்கு இடமில்லை.

மீஞ்சூரில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்ததும், தேர்வாய்கண்டிகையில் புதிய நீர்த்தேக்கம் 2020இல் திறக்கப்பட்டதும் நகரத்தின் தேவையை ஓரளவு தாங்குகின்றன.

தேர்தலும் மானியமும்

நிதிக்குழு மானியம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளுக்கு உரியது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் 2019 டிசம்பர் வரை ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பில் ஊராட்சிகள் இருந்தன. அக்காலத்தில் மத்திய மானியத் தவணைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டின் கடும் வறட்சியும் இதே காலத்தில்தான் வந்தது. தண்ணீர் அதிகம் தேடப்பட்ட ஆண்டில் பணமும் இல்லை, கேட்பதற்குத் தலைவரும் இல்லை.

2019 டிசம்பரில் திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாள் முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். ஓர் ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலரே பல பத்து ஊராட்சிகளின் தனி அலுவலராக இருப்பதால், அவசரச் செலவுக்கான கையெழுத்து ஊரில் கிடைக்காது, ஒன்றிய அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். கிராம சபை கூடுவது நிற்பதில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபைக்கென்று உள்ளன. அவற்றில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. ஊராட்சியின் வரவு செலவு அறிக்கை கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும். மின்கட்டணம் எவ்வளவு, குடிநீர்க் கட்டணம் எவ்வளவு வசூலானது, மோட்டார் பழுதுக்கு எவ்வளவு செலவானது என்பதை அங்கு எந்த வாக்காளரும் கேட்கலாம்.